முட்டை எடுத்த மறுநாள் அவள் எங்கே இருப்பாள்?

கருத்தரிப்பு மையங்களின் மருத்துவ இயக்குநர்களுக்கும், அவர்களுக்காக ஊர் ஊராக ஆள் திரட்டும் ஏஜெண்டுகளுக்கும், இந்த இரு தரப்பையும் கண்காணிக்க வேண்டிய சுகாதார அமைச்சுக்கும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியவர்களே,

கருமுட்டை தானம் கேட்டு, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கைக்குக் கை மாறிய ஒரு துண்டறிக்கை இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "எட்டே நாள். அறுவை இல்லை, வலி இல்லை. மாதாமாதம் வீணாகப் போகும் முட்டைதானே, ஒரு வீட்டில் விளக்கேற்றுங்கள்" என்கிறது. கீழே ஒரு தொகை. 1,700 வெள்ளி (ரிங்கிட்) அடிப்படைச் சம்பளத்துக்கு மாதம் முழுக்க ஃபேக்டரியில் நிற்கும் பிள்ளைக்கு அது மூன்று மாதச் சம்பளம். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், "சிவப்பாக இருப்பவர்களுக்குக் கூடுதல்." மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துப்போன கேள்வி, இப்போது மருத்துவச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

துண்டறிக்கையோடு நின்றிருந்தால் நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். பொது மண்டபத்தில் 'மகளிர் நல விளக்கம்' என்று கூட்டம் போட்டீர்கள். அங்கே கொடுத்த ஒப்புதல் படிவம் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் தாருங்கள், முடியாவிட்டால் மலாயிலாவது தாருங்கள் என்று எழுதிக் கேட்டோம். மொழிபெயர்க்கும் எண்ணம் இல்லை, எங்கள் ஒருங்கிணைப்பாளர் வாயால் விளக்குவார் என்று பதில் வந்தது. நீங்கள் ஒருங்கிணைப்பாளர் என்று சொல்பவர், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜெண்டு. அவர் விளக்கினால் எது விளங்கும், எது விளங்காது என்று உங்களுக்கும் தெரியும். அந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல்.

எழுதுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாதியர், மருத்துவச்சிகள், ஆய்வுக்கூடப் பணியாளர்கள். கருமுட்டை தானத்தைப் பாவம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளை இல்லாத வீட்டின் வேதனை எங்களுக்குப் புதிதல்ல. முஸ்லிம் பெண்களுக்கு மார்க்கத் தீர்ப்பு இதை அனுமதிக்கவில்லை. இந்தியத் தம்பதிகள் தங்கள் சாயலில் முட்டை தேடுகிறார்கள். அதனால் தோட்டப்புறத்துக்கு வருகிறீர்கள். அந்தக் கணக்கும் எங்களுக்குப் புரிகிறது. விஷயம் தெரிந்து, மனம் ஒப்பி ஒரு பெண் கொடுத்தால் அது பெரிய கொடைதான். அவளுக்குத் தெரிய வேண்டியது உங்கள் கூட்டத்தில் பேசப்படவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

துண்டறிக்கையில் பாதி உண்மையான வரி ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டோம். பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் சினைப்பைகளில் பத்து இருபது லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்கும்; அவற்றில் ஒன்று முதிர்ந்து வெளியே வரும், மற்றவை கரைந்துபோகும். நீங்கள் போடும் ஊசி கரையப் போகிற அந்தக் கூட்டத்தைத்தான் வளர்க்கிறது. அடுத்த ஆண்டுக்குரியதை அது முன்கூட்டியே பிடுங்குவதில்லை. "முட்டை கொடுத்தால் சீக்கிரமே மாதவிடாய் நின்றுவிடும்" என்று ஊரில் சிலர் மிரட்டுவது சரியல்ல. அதை நாங்களும் திருத்திச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆனால் எட்டு நாள் என்பது எந்தக் கணக்கு?

ஊசிக்கு முன்னால் பரிசோதனை வருகிறது. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை, ஸ்கேனில் இரு சினைப்பைகளிலும் முட்டை வளரும் சின்ன நீர்ப்பைகளின் எண்ணிக்கை, தைராய்டு, எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், ரத்த வகை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு, குரோமோசோம் சோதனை. பிறகு மனநல ஆலோசகரோடு ஓர் அமர்வு. இவை சரியாக வந்தபின், மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும். எட்டு முதல் பன்னிரண்டு நாள் வரை தினமும் ஊசி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஸ்கேன். குறைந்தது மூன்று நீர்ப்பைகள் 17, 18 மில்லிமீட்டரைத் தொட்டதும் முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி, அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. அதன் பிறகு சினைப்பைகள் பழைய அளவுக்குத் திரும்ப ஒன்றிரண்டு வாரம். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஏழெட்டு தடவை போய்வர வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள், எம்சி (மருத்துவச் சான்று) கேட்பார்கள், எம்சியில் என்ன எழுதுவீர்கள் என்று பயந்து பிள்ளை வருடாந்திர விடுப்பைக் கரைப்பாள். உங்கள் தொகையில் இவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

அந்த ஸ்கேன் எப்படி எடுக்கப்படும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கர்ப்பிணிகளுக்கு வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைப் போன்றதுதான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இது பிறப்புறுப்பின் வழியாக உள்ளே கருவி வைத்து எடுக்கும் ஸ்கேன். முட்டை எடுப்பதும் அதே வழிதான்: ஸ்கேன் கருவியோடு சேர்ந்த நீளமான ஊசி பிறப்புறுப்பின் சுவரைத் துளைத்துச் சினைப்பைக்குள் போய், நீர்ப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சும். கல்யாணமாகாத, உறவு அனுபவமே இல்லாத பிள்ளை அங்கே போய்ப் படுத்தபின் இதைத் தெரிந்துகொள்வது எந்த வகையில் ஒப்புதல்? வயிற்றில் தையல் இல்லை என்பது நிஜம். மயக்க மருந்து உண்டு, ஊசி உண்டு, உள்ளே ரத்தம் கசியவும் கிருமி தொற்றவும் வாய்ப்பு உண்டு. இவை அரிது, நூறில் ஒருவருக்கும் குறைவு. அரிது என்பதைச் சொல்லிவிட்டே கையெழுத்து வாங்கலாமே, "அறுவை இல்லை" என்று ஏன் தப்பிக்க வேண்டும்?

தலசீமியா பற்றியும் ஒரு வார்த்தை. 2016 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் நான்காம் படிவ (16 வயது) மாணவர்களுக்கு இந்தச் சோதனை நடக்கிறது. அதற்கு முன் படித்து முடித்தவர்களில் பலருக்குத் தாங்கள் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களா என்று தெரியாது. உங்கள் சோதனையில் தெரிந்ததும் "நீங்கள் பொருத்தமில்லை" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். ஏன் என்று சொல்வதில்லை, அறிக்கையும் தருவதில்லை. நாளைக்கு அவள் கட்டிக்கொள்பவருக்கும் அதே மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு கடுமையான தலசீமியாவோடு பிறக்க. அவள் ரத்தத்தில் கண்டுபிடித்தது அவளுக்குச் சொந்தம். ஹெப்படைட்டிஸ் பி, எச்ஐவி முடிவுக்கும் இதே நியாயம்தான்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். முட்டைகளை வளர்க்கும் தினசரி ஊசியின் அளவு, இளம் பெண்ணுக்குப் பெரும்பாலும் தினம் 150 முதல் 225 யூனிட். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் இடம், மறுநாள் வலம், தினமும் ஒரே நேரத்தில். மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்தால் மருந்து கெடும், 25 டிகிரிக்கு மேல் வெளியில் கிடந்தாலும் கெடும். நம் ஊர் வெயிலில் மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவது மருந்தை வேகவைப்பதற்குச் சமம். ஐந்தாறு நாளான பின், முட்டைகள் நேரத்துக்கு முன்னால் வெடித்து வெளியேறாமல் தடுக்க இன்னொரு ஊசி, செட்ரோரெலிக்ஸ் 0.25 மில்லிகிராம் போல, சேர்ந்துகொள்ளும். கடைசி ஊசிதான் மிகவும் கறார். புதன் காலை 9 மணிக்கு முட்டை எடுப்பு என்றால் திங்கள் இரவு 9 மணிக்குப் போட வேண்டும். இரவு ஷிஃப்டில் நிற்கும் பிள்ளை டாய்லெட்டுக்குப் போகவே சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரம் பிந்திப் போட்டுவிட்டு, திட்டுவார்கள் என்று மறைத்தால், போன காரியமே வீணாகலாம். உண்மையைச் சொன்னால் எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியும். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தீர்கள்?

இந்தக் கடைசி ஊசியில்தான் எங்கள் குறையின் மூலம் இருக்கிறது.

ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி எதிர்வினை காட்டினால், ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வயிற்றுக்குள் இறங்கும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றியும் தேங்கும். குழாயில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிக் கட்டி பிடிக்கும், சிறுநீரகத்துக்குப் போதாமல் போகும். ஓஎச்எஸ்எஸ் என்று சுருக்கிச் சொல்லும் இந்தக் கோளாறு லேசாக வந்தால் வயிறு உப்பி ஒரு வாரத்தில் வடிந்துவிடும். கொஞ்சம் கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ வருவது நூறு சுழற்சிக்கு ஒன்று முதல் ஐந்து வரை. யாருக்கு வரும் என்பதும் முன்கூட்டியே ஓரளவு தெரிந்த விஷயம்: வயது குறைந்தவர்கள், ஒல்லியானவர்கள், நீர்க்கட்டி உள்ளவர்கள், ஏஎம்எச் மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராமைத் தாண்டியவர்கள். இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஏஜெண்டு "நல்ல டோனர், நிறைய முட்டை வரும்" என்று ஆசையோடு கொண்டுவரும் பிள்ளைகளின் பட்டியலும் இதுதான்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது, உங்கள் கையிலேயே இருக்கிறது. கடைசி ஊசியாக எச்சிஜி என்ற ஹார்மோனைப் போட்டால் அது உடம்பில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கி சினைப்பையைக் கிளறிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் டிரிப்டோரெலின் போன்ற ஊசியைப் போட்டால், உடம்பு தானே சுரக்கும் ஹார்மோன் முட்டையை முதிரவைத்துவிட்டு ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். கடுமையான ஓஎச்எஸ்எஸ் ஏறக்குறைய வராமலே போகும். இந்த ஊசி வேலை செய்ய வேண்டுமானால், முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் தடுக்க இடையில் போடும் ஊசி செட்ரோரெலிக்ஸ் வகையாக இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே சிகிச்சையை அப்படித் திட்டமிட வேண்டும். கரு வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு எச்சிஜி ஏன் என்று டாக்டர்கள் காரணம் சொல்லலாம். தானம் கொடுப்பவளின் வயிற்றில் கரு வைக்கப் போவதில்லையே. அவளுக்கு எச்சிஜி போட என்ன அவசியம்? முட்டை கொடுக்க நினைக்கும் எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "என் கடைசி ஊசி எது?" என்று கேட்கட்டும்.

ஓஎச்எஸ்எஸ் முட்டை எடுத்த அன்றே வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வரும். அப்போது அவள் எங்கே இருப்பாள்? உங்கள் குளிர்சாதன அறையில் இல்லை. பஸ்ஸில் குலுங்கி ஊர் திரும்பி, தாமான் வீட்டிலோ தோட்டத்து லயத்திலோ படுத்திருப்பாள். அம்மாவிடம் "கேஸ்ட்ரிக்" என்று சொல்லியிருப்பாள். வலிக்குக் கடையில் பொன்ஸ்தான் மாத்திரை வாங்கிப் போட்டிருப்பாள். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை வகை கூடவே கூடாது, பாரசிட்டமோல்தான் போட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ராத்திரி மூச்சு வாங்கும்போது அவசரப் பிரிவுக்கு ஓடுவார்கள். அங்கே இருக்கும் இளம் டாக்டர் செய்வது சரியான முறைதான்: வயிற்று வலியோடு வரும் இளம்பெண்ணுக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. எச்சிஜி போட்டிருந்தால் அது 'பாசிட்டிவ்' காட்டும். அந்த ஊசிக்கும் கர்ப்பத்துக்கும் ஒரே ஹார்மோன். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர். 'பாசிட்டிவ்', வயிற்றில் நீர், வலி, தலைச்சுற்று என்று சேர்த்துப் பார்த்தால் கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தது போலவே தெரியும். அவசரமாக ஈப்போ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அறுவைக்குத் தயார் செய்வார்கள். அம்மா பக்கத்தில் நிற்க, கல்யாணமாகாத பிள்ளை வாய் திறக்க மாட்டாள். அவள் பையில் உங்கள் மையத்தின் துண்டுக் காகிதம் ஒன்று இருந்திருந்தால் போதும். நீங்கள் கொடுத்தனுப்புவது ஏஜெண்டின் கைப்பேசி எண்ணை மட்டும்.

சினைப்பை முறுக்கிக்கொள்வது இன்னொன்று. சாதாரணமாகப் பெரிய நெல்லிக்காய் அளவில் இருப்பது ஊசியால் ஆரஞ்சுப்பழ அளவுக்கு வீங்கும். அந்தக் கனத்தோடு குனிந்து நிமிர்ந்தால், தூக்கிச் சுமந்தால், தன் காம்பிலேயே அது திருகிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் அறுந்துபோகும். திடீரென்று ஒரு பக்கமாகக் கொடிய வலி, கூடவே வாந்தி. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து திருப்பிவிடாவிட்டால் அந்தச் சினைப்பை போய்விடும். "இரண்டு மூன்று நாளில் வேலைக்குப் போகலாம்" என்று கூட்டத்தில் சொன்னீர்களே, எந்த வேலைக்கு? அலுவலக நாற்காலிக்குப் போகலாம். முதுகில் 16 லிட்டர் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடிக்கும் வேலைக்கும், உர மூட்டைக்கும், செம்பனைக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கும், செம்மண் பாதையில் மோட்டார் ஓட்டுவதற்கும் அடுத்த மாதவிடாய் வரும்வரை போகக்கூடாது. ஊசி போட்டு ஒரு வாரம் ஆன நாளிலிருந்தே இந்தக் கட்டுப்பாடு பொருந்தும்.

கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சேர்த்தே சில வரிகள், நீங்கள் சொல்லாததால். முட்டை எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவிலிருந்து சாப்பாடு கூடாது. தே தாரேயில் பால் இருக்கிறது, அதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கம் தெளிந்தபின் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது. பணம் வாங்கிய ரசீதும் அதில் சேரும். அதன்பின் பத்து நாள், காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள், தையல் டேப்பால் தொப்புளைச் சுற்றி அளந்து எழுதிவையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், சிறுநீர் குறைந்து தேநீர் நிறமானால், படுத்தால் மூச்சு முட்டினால், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் இருந்தால், காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால், மணிக்கொரு பேட் நனைந்தால், காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கருமுட்டை எடுக்க ஊசி போட்டேன், இன்ன தேதியில் எடுத்தார்கள்." தாதியரும் டாக்டரும் அதை உங்கள் வீட்டாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. இன்னொன்று, அடுத்த மாதவிடாய் வரும்வரை உறவு வேண்டாம். எல்லா முட்டையையும் உறிஞ்சிவிட முடியாது. ஒன்றிரண்டு உள்ளேயே தங்கினால் கருத்தரிக்கும். அப்படித் தரித்தால் ஓஎச்எஸ்எஸ் இன்னும் கடுமையாகும்.

இனி பணம். பத்து முட்டைக்கு மேல் வந்தால் கூடுதல், குறைந்தால் பாதி என்று உங்கள் ஏஜெண்டு பேசுகிறார். அபாயம் முட்டையின் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறுகிறது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால், அந்தப் பிள்ளையே "டோஸை ஏத்துங்க டாக்டர்" என்று கேட்பாள். பணம் அவள் நேரத்துக்கும் சிரமத்துக்கும் தரும் ஈடாக இருக்க வேண்டும். பதினெட்டு ஊசி போட்டுக்கொண்டு நீர்ப்பை வளரவில்லை என்று சுழற்சி ரத்தானால் கையில் ஒன்றுமில்லை என்பதும், நடுவில் மனம் மாறினால் மருந்துச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி இருப்பதும் நியாயமே இல்லை. கடனுக்குப் பிணை வைத்த மாதிரி ஒப்புதல் வாங்கி எந்த மருத்துவமும் நடக்கக்கூடாது. மைகாட்டை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது? தொழிலாளர் காப்பீடு தரும் சொக்சோவுக்கு இது வேலையிட விபத்தல்ல. மெடிக்கல் கார்டுகளில் (தனியார் மருத்துவக் காப்பீட்டில்) கருத்தரிப்பு சிகிச்சையை விலக்கிவைக்கும் வரி பெரும்பாலும் இருக்கும். கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரிதான் பார்க்கும், அதாவது நாங்கள் எல்லாரும் கட்டும் வரி. லாபம் ஒரு பக்கம், படுக்கை இன்னொரு பக்கம்.

பிறக்கும் பிள்ளையைப் பற்றி உங்கள் கூட்டத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. நம்முடையது சிறிய சமூகம். சொந்தத்தில் பெண் எடுக்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஒரே பெண்ணின் முட்டையில் ஐந்து வீடுகளில் பிள்ளை பிறந்து, அவர்கள் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் வளர்ந்து ஒரே கல்லூரியில் சந்தித்தால் யாருக்குத் தெரியும்? பிரிட்டனில் ஒருவர் கொடுப்பது பத்துக் குடும்பங்களுக்கு மேல் போகக்கூடாது. 2005 ஏப்ரலிலிருந்து கொடுத்தவர்களின் அடையாளத்தை, பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கே எந்த மையத்தில் எத்தனை தடவை கொடுத்தாள் என்று கூட்டிப் பார்க்கும் பதிவேடு ஒன்று நடைமுறையில் இல்லை. ஒரு மையத்தில் கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் இன்னொரு மையத்துக்கு அதே ஏஜெண்டு கூட்டிப்போகலாம். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் வாழ்நாளில் ஆறு சுழற்சிக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆறு என்று வைத்தாலும் எண்ணுவது யார்? "உன் பெயர் யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்கிறீர்களே, அதுவும் காப்பாற்ற முடியாத வாக்கு. எச்சிலைத் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனை வந்தபின், ஒரு சித்தி மகள் சோதித்துப் பார்த்தாலே நூல் பிடித்துவிடலாம்.

சட்டம் என்று பார்த்தால், 1998 ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டம் உங்கள் கட்டடத்தையும் உரிமத்தையும் பார்க்கிறது. மலேசிய மருத்துவ மன்றம் 2006-இல் உதவிக் கருத்தரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. வழிகாட்டி டாக்டரைக் கட்டுப்படுத்தும், ஏஜெண்டை அது தொடாது. மருத்துவச் சேவை விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். உங்கள் தாளில் அப்படி ஒன்றும் இல்லை. இது சிகிச்சை விளம்பரமே அல்ல, ஆள் சேர்ப்பு என்று நீங்கள் வாதிடலாம். அந்த ஓட்டையைத்தான் அமைச்சு அடைக்க வேண்டும் என்கிறோம். பக்கத்துச் சிங்கப்பூரில் முட்டையைக் காசுக்கு வாங்குவதும் விற்பதும் 2004 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம் கொடுப்பவர் வயதை 23 முதல் 35 என்று வரையறுத்து, வாழ்நாளில் ஒரே தடவை, 7 முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது, காப்பீடு கட்டாயம் என்கிறது. அந்த ஏழு என்ற எண் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதில் எங்களுக்கே சந்தேகம் உண்டு, காப்பீட்டில் சந்தேகமில்லை. அப்படிச் சட்டம் வந்த அடுத்த ஆண்டே, 2022-இல், ஈரோட்டில் என்ன வெளிச்சத்துக்கு வந்தது என்று தமிழ்ச் செய்தி பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். 16 வயதுச் சிறுமி, வயதைக் கூட்டிய போலி ஆதார், பல தடவை முட்டை எடுப்பு. பெற்ற தாயே கைதானவர்களில் ஒருவர். இடையில் நின்றது ஒரு தரகர்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

மைய இயக்குநர்களே, விளக்கத் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழிலும் மலாயிலும் அச்சடியுங்கள். கையெழுத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஸ்கேன் எந்த வழியாக, ஊசி எந்த வழியாக என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர், ஏஜெண்டு அறையில் இல்லாமல், அவளோடு தனியாகப் பேச வேண்டும். 21 வயது நிரம்பாதவர்களை எடுக்காதீர்கள். தானம் கொடுப்பவர்களுக்கு எச்சிஜி கடைசி ஊசி போடுவதில்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். ஏதோ ஒருத்திக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் காரணத்தை அவள் கோப்பில் எழுதி, அவளிடமும் சொல்லுங்கள். பரிசோதனை முடிவுகளின் நகல் எல்லாருக்கும் கொடுக்கப்பட வேண்டும், திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும்.

முட்டை எடுத்தபின் அவள் கையில் ஓர் அட்டை இருக்க வேண்டும்: என்ன மருந்து, என்ன அளவு, கடைசி ஊசி எது, எந்தத் தேதியில் எத்தனை முட்டை, இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும் ஒரு டாக்டரின் எண். ஏஜெண்டின் எண் வேண்டாம். வெளியூர்ப் பிள்ளையை அன்றைக்கே பஸ் ஏற்றாதீர்கள். இரண்டு இரவு தங்க இடம் கொடுத்து, காரில் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் உங்கள் தாதி கூப்பிட்டு எடையும் இடுப்பளவும் கேட்டு எழுத வேண்டும். சிக்கல் வந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்று காப்பீட்டுப் பத்திரத்தோடு காட்டுங்கள்.

தொகை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். எண்ணிக்கைக்கும் நிறத்துக்கும் கூடக் குறைய வேண்டாம். சுழற்சி ரத்தானால் அதுவரைக்குமான பங்கைக் கொடுங்கள். மருந்துச் செலவைத் திருப்பிக் கேட்கும் வரியை எடுத்துவிடுங்கள். தலைக்குக் கமிஷனை நிறுத்துங்கள்.

ஏஜெண்டுகளே, எங்கள் பிள்ளைகளின் மைகாட்டும் வங்கி அட்டையும் உங்களிடம் இருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.

சுகாதார அமைச்சே, எல்லா மையங்களும் ஒரே பதிவேட்டில் பதியும்படி செய்யுங்கள். ஒரு பெண் எத்தனை தடவை, ஒரு பெண்ணிடமிருந்து எத்தனை குடும்பம் என்பதற்கு வரம்பு போடுங்கள். ஆள் சேர்க்கும் விளம்பரத்தையும் அனுமதி எண்ணுக்குள் கொண்டுவாருங்கள். மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள்: வயிற்று வலியோடு வரும் இளம்பெண்ணிடம், தனியாக, "கருமுட்டை ஊசி போட்டீர்களா?" என்று கேட்க வேண்டும்.

பதிலை 30 நாளுக்குள் எதிர்பார்க்கிறோம், எழுத்தில், தமிழில். அதுவரை இந்த ஊரில் துண்டறிக்கை கொடுப்பதையும் கூட்டம் போடுவதையும் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே ஊசி தொடங்கிய பிள்ளைகளுக்கு அந்த அட்டையை நாளைக்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத்தின் ஓய்வுபெற்ற தாதியர், மருத்துவச்சிகள், ஆய்வுக்கூடப் பணியாளர்கள்